நண்டு காத்த கிணறு

"உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று யார் கேட்டாலும், "உங்க வாயில எத்தனை பல்லு?" என்று திருப்பிக் கேட்பது லோசாலினேயின் வழக்கம்.

கேட்டவர் திகைத்துப்போவார். சிலர் நாக்கால் துழாவி எண்ணவும் தொடங்கிவிடுவார்கள். ஆக்லாந்து நகரின் மாங்கெரே வட்டாரப் பள்ளிகளுக்குச் செல்லும் பல் மருத்துவ வண்டியில் உதவியாளராக இருப்பவள் அவள். ஆகவே அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை தனக்கு உண்டு என்பது அவளுடைய கட்சி. "உங்க பல்ல நான் எண்ண வேண்டாம், என் பிள்ளைய நீங்க எண்ண வேண்டாம்" என்று பேச்சை முடித்துவிட்டு, தேவாலயத்தின் முதல் வரிசைப் பெஞ்சில் போய் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வாள். பிள்ளைகள் வெள்ளை உடுத்தி வேதவசனம் ஒப்பிக்கும் ஞாயிறன்றும் அவளுக்கு அதே பெஞ்சுதான். பிள்ளையில்லாத பெண்கள் அன்று தாமாகவே பின்வரிசைக்கு நகர்ந்துவிடுவது சபையின் நடப்பு. அவள் ஒரு முறையும் நகர்ந்ததில்லை.

ஆனால் இந்தப் புதன்கிழமை, திருப்பிக் கேட்டுத் தப்பிக்கும் நாளாக இல்லை. மருத்துவமனையில் மூன்று பேர் கேட்பார்கள். அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

தாய் தந்தையர் டோங்காவில் மறைந்தபின், தம்பி கெப்புவேலியை ஆளாக்கிய பிறகே தனக்குத் திருமணம் என்று இருந்துவிட்டவள் லோசாலினே. பெனிசிமானியைக் கைப்பிடித்தபோது அவளுக்கு வயது முப்பத்தாறு. இரண்டு முறை கரு தங்கிற்று. இரண்டு முறையும் நிலைக்கவில்லை. அரசுச் செலவில் சிகிச்சை அளிக்கும் கருத்தரிப்பு மையத்துக்குக் குடும்ப மருத்துவர் அவளைப் பரிந்துரைத்தார். நாற்பது நிறைவதற்குள் முதல் சந்திப்பு நடந்துவிட வேண்டும் என்பது மையத்தின் விதி. "நாங்களே கூப்பிடுவோம், காத்திருங்க" என்றார்கள். காத்திருந்தாள். பொறுமை இழந்து அவளாகப் போய்க் கேட்டபோது, "வீட்டுக்குக் கூப்பிட்டு நாள் சொன்னோமே, நீங்கதான் வரல. இப்ப வயசு தாண்டிடுச்சு" என்று கதவைச் சாத்தினார்கள்.

அவள் விடவில்லை. ஓட்டாஹூஹூவிலிருந்து டோங்கா மொழியில் ஒலிபரப்பாகும் வானொலியில் போய் உட்கார்ந்து, "என்னைக் கூப்பிட்டேன்னு சொல்றவங்க பொய் சொல்றாங்க" என்று ஊரறியப் பேசினாள். மறு விசாரணை கேட்டாள்.

சென்ற வாரம், தம்பி மனைவி சுலியேட்டி தன் வயிற்றில் வளரும் ஐந்தாவது பிள்ளையை அவளுக்கே கொடுத்துவிடுவதாகச் சொன்னாள். அத்தைக்குப் பிள்ளை கொடுப்பது டோங்கா மக்களிடையே புதிதல்ல. பிள்ளைகளுக்கு அத்தையைவிட உயர்ந்தவர் எவருமில்லை. பிறந்தநாள் விருந்தில் கேக்கின் முதல் துண்டும் மேலான பாயும் அவளுக்குத்தான். லோசாலினே சுலியேட்டியைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஆனால் மறுத்துவிட்டாள்.

"பிள்ளை குடுங்கன்னு நான் யார்கிட்டயும் கேக்கல சுலி. என் முறை எனக்கு வேணும்னு கேக்கறேன்."

அந்த முறை அவளுக்கு உண்டா இல்லையா என்பது இன்று விசாரிக்கப்படும். இல்லை என்றாகிவிட்டால் பிறகு தட்டுவதற்கு வேறு கதவு கிடையாது. தனியாரிடம் செய்துகொள்வதென்றால் வீட்டை விற்க வேண்டும். வீடோ வாடகை வீடு.

*

விமான நிலையச் சரக்குக் கிடங்கில் இரவு வேலை முடித்து வந்த பெனி, குளித்த ஈரம் காயாமல் மனைவியின் இடுப்பில், டோங்கா முறைப்படி மரியாதைக்காக உடையின் மேல் கட்டும் பாயைச் சுற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தான்.

"இறுக்காதே பெனி. பேசறதுக்கு மூச்சு வேணும்."

"உனக்கா? நீ மூச்சு விடாமப் பேசி நான் பாத்திருக்கேனே!"

"கிண்டல் பண்ணு. உள்ள போனதும் நீ வாயத் தொறக்காம ஒக்காரப் போறே. அதுக்கும் சேத்து நான்தான் பேசணும்."

"டாக்டருங்க முன்னாடி பாய் கட்டிட்டு யாராவது போவாங்களா லோசா? சாவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்கு."

"ராஜா வந்தா கட்டறோம். சபைக்குக் கட்டறோம். என் வயித்தப் பத்தி முடிவு பண்ற எடத்துக்குக் கட்டாம வேற எதுக்குக் கட்ட?"

பெனி சிரித்துவிட்டான். முடிச்சின் மேல் மெல்லத் தட்டினான். அவன் அதிகம் பேசாதவன். தட்டுவதுதான் அவனுடைய பேச்சு.

வாசலில் சபை வேன் வந்து நின்றது. ஓட்டுபவன் கெப்புவேலி. அவன் இறங்கி, தலையைத் தாழ்த்திக்கொண்டு அக்காவுக்குப் பின்கதவைத் திறந்துவிட்டான். அவள் முகத்தை அவன் நேராகப் பார்க்கவில்லை. பார்ப்பது வழக்கமும் இல்லை. மீசை அரும்பிய நாளிலிருந்து அக்காவிடம் தம்பி காட்டவேண்டிய மரியாதை அது. அவள் இருக்கும் அறையில் கொச்சையான பேச்சு எழுந்தால் அவன் எழுந்து வெளியே போய்விடுவான். சென்ற கோடையில் ஓடை பெருகி அவன் வீட்டுக்குள் புகுந்தபோது, குடும்பமே லோசாலினேயின் வீட்டில் வந்து தங்கிற்று. அக்கா உறங்கும் கூரையின்கீழ் தானும் உறங்கலாகாது என்று அவன் மட்டும் கார்க் கொட்டகையில் மெத்தையைப் போட்டுக்கொண்டான். இவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளையை வளர்த்தவள் என்று சபையில் லோசாலினேவுக்கு நல்ல பெயர்.

முன்னிருக்கையிலிருந்து சுலியேட்டி, சேம்பிலையில் மாட்டிறைச்சியும் தேங்காய்ப்பாலும் வைத்துச் சுட்ட பொட்டலங்களைப் பின்னால் நீட்டினாள்.

"சாப்பிடுங்க அண்ணி. வெறும் வயித்தோட சண்டைக்குப் போகக் கூடாது."

"தம்பி சாப்பிட்டானா?"

"எங்க? நேத்துலேருந்து தண்ணிகூட எறங்கல இவருக்கு. கேட்டா ஒண்ணுமில்லேங்கறாரு. உங்க கேஸ நெனச்சுத்தான் மருகறாருன்னு நெனக்கிறேன்."

கெப்புவேலி வண்டியை எடுத்தான். பெனி கைநீட்டி வானொலியை முடுக்கினான். அறிவிப்பாளர் உற்சாகமாக, "நம்ம லோசாலினேவுக்கு இன்னிக்கு விசாரணை. கூப்பிட்டோம்னு பொய் சொன்னவங்க இன்னிக்கு என்ன சொல்றாங்கன்னு பாப்போம்!" என்று முழங்கினார்.

கெப்புவேலி சட்டென்று அதை அணைத்தான்.

தமக்கையின் உடம்பு பற்றிய பேச்சைக் காதில் வாங்கக் கூசுகிறான் என்றுதான் லோசாலினே எண்ணிக்கொண்டாள். அவள் மனம் அவனுக்காக இளகிற்று.

*

மருத்துவமனையின் மேல்மாடியில் நீள்வட்ட மேசை. தலைமை வகித்தவர் டாக்டர் கெர், வெள்ளை முடியை ஆண்பிள்ளை போல் வெட்டிக்கொண்ட அம்மையார். அவருக்கு வலப்புறம் நிர்வாக அதிகாரி ஹால்ஸ்டெட். இடப்புறம் செவிலியர் தலைவி. சுவரோரமாகவும் நாற்காலிகள் இருந்தன. லோசாலினே டாக்டர் கெர்ருக்கு நேர் எதிரே போய் உட்கார்ந்தாள். பெனி அவளருகே அமர்ந்தான். கெப்புவேலியும் சுலியேட்டியும் கீழே வாகன நிறுத்தத்தில் இருந்துவிட்டார்கள்.

"விதி எல்லாருக்கும் பொதுவானது, மிஸஸ்" என்று ஹால்ஸ்டெட் தொடங்கினார். "உங்களுக்காக அத வளைச்சா, நாளைக்கு நாப்பத்தஞ்சு வயசுல ஒருத்தங்க வந்து நிப்பாங்க."

"நிக்கட்டுமே. அவங்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்க."

டாக்டர் கெர்ரின் உதட்டோரம் அசைந்தது. லோசாலினே முன்னால் சாய்ந்தாள். பல் வண்டியில், வாயைத் திறக்க மறுக்கும் பிள்ளைகளுக்கு அவள் கதை சொல்வதுண்டு. பெரியவர்களிடமும் அதைச் சோதித்துப் பார்த்தால் என்ன?

"ஒரு தீவுல நல்ல தண்ணிக் கெணறு ஒண்ணுதான் இருந்துச்சு டாக்டர். அதுக்குக் காவல் ஒரு நண்டு. 'பொழுது சாயறதுக்குள்ள வர்றவங்களுக்குத்தான் தண்ணி'ன்னு பறவைங்க எல்லாம் கூடி ஒரு கட்டு வெச்சிருந்துச்சு. ஒரு நாள் காத்துல நாரைக் கூடு ஒண்ணு விழுந்துபோச்சு. அந்தக் குஞ்சுங்களுக்கு ஒரு கொக்கு பகலெல்லாம் தண்ணி சொமந்துச்சு. தனக்குன்னு குடிக்க வந்தப்ப சூரியன் எறங்கிடுச்சு. நண்டு கொடுக்க விரிச்சு நின்னுக்கிட்டு, 'நேரமாச்சு, போ'ன்னுது. கொக்கு கேட்டுச்சு: 'உன்னை எதுக்குக் காவல் வெச்சாங்க? தண்ணிக்கா, சூரியனுக்கா?'"

அவள் தன் கையை மேசைமேல் நீட்டினாள்.

"என் ரத்தத்த எடுத்துப் பாருங்க. முட்டை இருக்கா இல்லையான்னு பாருங்க. தண்ணி இல்லேன்னா நானே எழுந்து போயிடறேன். ஆனா எதையும் பாக்காம, பொறந்த நாள மட்டும் பாத்து வெரட்டாதீங்க."

டாக்டர் கெர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்ல கதை. ஆனா அந்த நண்டுக்காகவும் நான் கொஞ்சம் பேசணும்மா. கெணத்துல தண்ணி நெஜமாவே கொஞ்சம்தான் இருக்கு. நாப்பதுக்கு மேல ஒருத்தங்களுக்குச் செஞ்சா பலிக்கிறது கொறவு. அதே சிகிச்சைக்கு முப்பத்திநாலு வயசுல ஒரு பொண்ணு வெளியில காத்துக்கிட்டிருக்கா. அவகிட்ட நான் என்ன சொல்ல?"

லோசாலினே இந்தக் கேள்விக்குக் கோபப்படவில்லை. கோபப்பட முடியாத கேள்வி அது.

"அவ தண்ணிய நான் கேக்கல டாக்டர். பொழுது சாயறதுக்கு முன்னாடியே நான் வரிசையில வந்து நின்னவ. என்னை யாரும் கூப்பிடல. அதான் என் வழக்கு."

"கூப்பிட்டோம்" என்றார் ஹால்ஸ்டெட். "வேலை நேரத்துல கைபேசி வெச்சுக்க முடியாதுன்னு நீங்க வீட்டு நம்பர்தான் குடுத்திருந்தீங்க. அதுல கூப்பிட்டோம். ஒரு ஆம்பளை எடுத்தாரு. நாள், நேரம் எல்லாம் சொன்னோம். 'சரி, சரி'ன்னு வெச்சுட்டாரு. உங்க வீட்டுல அன்னிக்குப் பகல்ல இருந்த ஆம்பளை யாரு?"

"எங்க வீட்டுல ஆம்பளைன்னா என் புருஷன்தான். அவருக்கு ராத்திரி வேலை. பகல்ல தூங்குவாரு."

"அப்ப அவரு வீட்டுலதான் இருந்திருக்காரு." ஹால்ஸ்டெட் பெனியின் பக்கம் திரும்பினார். குரலில் ஒரு பரிவு. அந்தப் பரிவுதான் குத்திற்று. "இது உங்களைக் குத்தம் சொல்றதுக்காக இல்ல சார். சில ஆம்பளைங்களுக்கு இதுல இஷ்டம் இருக்காது. வெளியில சொல்லவும் முடியாது. போன் வந்தா மறந்த மாதிரி இருந்துடுவாங்க. நாங்க நெறையப் பாத்திருக்கோம்."

பெனி மனைவியின் பக்கம் திரும்பினான்.

லோசாலினே அவனைப் பார்த்தாள். ஒரு கணம்தான். ஆனால் அந்தக் கணத்தில் அவள் கண்ணில் என்ன இருந்தது என்பதை அவன் படித்துவிட்டான்.

"கொஞ்சம் இடைவேளை விடலாம்" என்றார் டாக்டர் கெர்.

*

"நீ என்னைப் பாத்தே" என்றான் பெனி, தாழ்வாரத்தில்.

"பெனி..."

"பாத்தே லோசா. 'இவனாத்தான் இருக்குமோ'ன்னு பாத்தே."

பொய் சொல்ல அவளுக்கு வராது. "ஒரு நிமிஷம்... ஆமா. தப்புதான். உடனே..."

"ரெண்டு தடவையும் கலைஞ்சப்ப உன்னைத் தூக்கிட்டுப் போனது யாரு? அழுகை வெளியில கேக்கக் கூடாதுன்னு கொழாயத் தொறந்துவிட்டுட்டு அழுதது யாரு?" அவன் அதிகம் பேசாதவன் என்று சொன்னோம்; அன்றைக்கு அவன் நீளப் பேசியது அவ்வளவே. "நான் பஸ்ஸுல போயிக்கிறேன். கெடங்குல பகல் ஷிப்டுக்கு ஆள் கேட்டாங்க."

அவள் பின்னால் ஓடி மின்தூக்கியின் கதவைத் தட்டினாள். அது அவனை ஏற்றிக்கொண்டு கீழே போய்விட்டது. அவள் படிகளில் இறங்கி ஓடினாள். வாகன நிறுத்தத்தை அடைந்தபோது பெனி தெருவைக் கடந்து பேருந்தில் ஏறிக்கொண்டிருந்தான். அவனுடைய கைபேசி அணைந்திருந்தது.

"என்ன ஆச்சு அண்ணி? அண்ணன் ஏன் இப்படிப் போறாரு?" என்று சுலியேட்டி வேனிலிருந்து இறங்கினாள். அவளுக்குப் பின்னால் கெப்புவேலி நின்றான்.

தம்பி முன்னால் இதையெல்லாம் பேசலாகாது என்பது லோசாலினேவுக்குத் தெரியும். அன்று அது அவள் நினைவுக்கே வரவில்லை.

"யாரோ ஒரு ஆம்பளை போன எடுத்தானாம். 'சரி, சரி'ன்னானாம். அது பெனிதானாம். எனக்குப் பிள்ளை பொறக்கிறது புடிக்காம அவன் மறைச்சுட்டானாம்! அந்த ஆள் சொல்றான், நானும்... நானும் ஒரு நிமிஷம் நம்பிட்டேன் சுலி!"

கெப்புவேலியின் முகம் சாம்பல் பூத்தது. விறுவிறுவென்று வேலிப்பக்கம் நடந்துவிட்டான். இந்தப் பேச்சைக் கேட்க நேர்ந்ததே என்று கூசிப் போகிறான் என்றே அவள் அப்போதும் நினைத்தாள்.

"போகட்டும் விடு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அழுத மூஞ்சியோட உள்ள போக மாட்டேன். அந்த ஆளுக்கு அந்தச் சந்தோஷம் வேண்டாம்." பாயை இழுத்துச் சரிசெய்துகொண்டு தனியே மேலே ஏறினாள்.

*

விசாரணை மீண்டும் தொடங்கிற்று. பெனியின் நாற்காலி காலியாக இருந்தது. ஹால்ஸ்டெட் அதைப் பார்த்தார். வழக்கு முடிந்தது என்பதுபோல் பேனாவை மூடினார்.

"என் புருஷன் அப்படிப்பட்டவன் இல்ல" என்றாள் லோசாலினே. "இத நான் இப்ப சொல்றது உங்களுக்காக இல்ல. நான் சொல்லக் கடமைப்பட்டிருக்கேன்."

அப்போதுதான் கதவு திறந்தது.

கெப்புவேலி வெறுங்காலோடு நின்றான். கழுத்தில் இலைமாலை. குற்றம் செய்தவன் இஃபி மரத்தின் இலைகளைக் கோத்து அணிந்துகொண்டு, தீங்கு இழைக்கப்பட்டவர் முன் தரையில் அமர்வது அவர்கள் நாட்டு முறை. அரசர் முன்னும் அப்படித்தான் அமர்வார்கள். ஆக்லாந்தில் இஃபி மரத்துக்கு எங்கே போவது? வாகன நிறுத்தத்து வேலிச்செடியை ஒடித்து, தன் காலணிக் கயிற்றிலேயே கோத்திருந்தான். பச்சைச் சாறு அவனுடைய வெள்ளைச் சட்டையில் வழிந்திருந்தது. வாசற்படியருகே சப்பணமிட்டு அமர்ந்து, நெற்றி தரையைத் தொடும் அளவுக்குக் குனிந்தான். அவனுக்குப் பின்னால் சுலியேட்டி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"யார் இவரு? செக்யூரிட்டிய..." என்று ஹால்ஸ்டெட் எழுந்தார்.

"ஒக்காருங்க" என்றார் டாக்டர் கெர்.

அந்த மாலை எதற்கென்று லோசாலினேவுக்குத் தெரியும். யாருக்காக என்பதுதான் இன்னும் புரியவில்லை.

"அக்கா" என்றான் கெப்புவேலி தரையை நோக்கி. "நீங்க கொஞ்சம் வெளியில போங்க. நான் இவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். உங்க முன்னாடி அத சொல்ல எனக்கு வாய் வராது."

அவளுக்கு எல்லாம் விளங்கிற்று. வெள்ளம் வந்த கோடை. கார்க் கொட்டகை. தேநீர் எடுக்க அவன் அடுக்களைக்கு வந்துபோன பகல்கள்.

"போக மாட்டேன்."

"அக்கா, கும்பிடறேன்."

"என் உடம்பப் பத்தித்தான் பேச்சு. இங்க முன்னப்பின்ன தெரியாத மூணு பேர் பேசறாங்க. ரேடியோவுல பேசறாங்க. சபையில முணுமுணுக்கறாங்க. நான் தூக்கி வளத்தவன் மட்டும் பேசக் கூடாதா? சொல்லு. என் முன்னாடியே சொல்லு."

அவன் இலைகளுக்குள் முகத்தைப் புதைத்தபடி சொன்னான்:

"போன எடுத்தது நான்தான். யாரு என்னன்னு கேக்கல, போன் பண்ணின அந்தப் பொண்ணு. 'உங்க மனைவியோட கருமுட்டை சிகிச்சைக்கு'ன்னு ஆரம்பிச்சுட்டா. நான் புருஷன் இல்ல, தம்பின்னு சொல்லணும். சொன்னா, அக்காவோட அந்தச் சேதிய நான் கேட்டுட்டேன்னு ஆயிடும். கூசிப் போச்சு. 'சரி, சரி'ன்னு வெச்சுட்டேன். மச்சான் தூங்கிட்டிருந்தாரு. எழுப்பிச் சொல்லப் போனேன். கதவு வரைக்கும் போனேன். என்ன வார்த்தை சொல்றது? சுலிகிட்டயாவது சொல்லியிருக்கலாம். மறுபடியும் கூப்பிடுவாங்கன்னு மனசத் தேத்திக்கிட்டேன். கூப்பிடல. அப்புறம் அக்கா ரேடியோவுல அவங்க பொய்யின்னாங்க. அதுக்கப்புறம் எப்படிச் சொல்ல?"

"ஆக, மையம் கூப்பிட்டிருக்கு" என்றார் ஹால்ஸ்டெட். "பொய் சொன்னோம்னு ரேடியோவுல..."

"கூப்பிட்டிருக்கு." லோசாலினே எழுந்தாள். குரல் நடுங்கிற்று; ஆனாலும் தாழவில்லை. "பொய்யின்னு சொன்னது தப்பு. அத நான் திருப்பி எடுத்துக்கறேன். அதே ரேடியோவுல திருப்பி எடுப்பேன். ஆனா சார், நீங்க யாரைக் கூப்பிட்டீங்க? என்னையா? ஒரு ஆம்பளைக் குரல் கேட்டதும் புருஷன்னு முடிவு கட்டி, என் கருப்பையத் தூக்கி அவன் கையில குடுத்துட்டீங்க. 'நீங்க யாரு'ன்னு ஒரு வார்த்தை? 'அவங்க எப்ப வருவாங்க'ன்னு ஒரு வார்த்தை? இந்த ஆஸ்பத்திரி வாசல்ல பாதிப் பேரு எங்க தீவுக்காரங்க. அக்கா தம்பி முறை என்னன்னு உங்க வீட்டைப் பெருக்கறவங்களக் கேட்டாலும் சொல்லுவாங்க. என்கிட்ட சொல்லாத சேதி எனக்குச் சொன்ன சேதி ஆகாது. நான் இன்னும் பொழுது சாயறதுக்கு முன்னாடிதான் நிக்கறேன்."

டாக்டர் கெர் கெப்புவேலியை நோக்கிக் குனிந்தார்.

"உங்க பேரையோ உறவையோ அவங்க கேக்கவே இல்லையா?"

"இல்லம்மா."

அம்மையார் நிமிர்ந்தார். "இது நான் ஒருத்தி எடுக்கிற முடிவு இல்ல" என்றார். "ஆனா இன்னிக்கே உங்க ரத்தத்த எடுக்கச் சொல்றேன். வயசப் பாக்கிறதுக்கு முன்னாடி அதப் பாப்போம். முடிவ உங்ககிட்டதான் சொல்லுவேன். வேற யார்கிட்டயும் இல்ல."

ஹால்ஸ்டெட் ஒப்பவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

*

கையில் பஞ்சு ஒட்டிக்கொண்டு அவள் கீழே வந்தபோது, கெப்புவேலி வேனின் அருகே தரையில் அமர்ந்திருந்தான். வருவோரும் போவோரும் வேடிக்கை பார்த்தார்கள். மாலையைத் தீங்கு கண்டவர் தம் கையால் கழற்றும் வரை குற்றவாளி எழக் கூடாது.

"அடிங்க அக்கா" என்றான். "அடிச்சுட்டுக் கழட்டுங்க."

"காய்ச்சல்ல நீ பெனாத்தினப்ப உன்னை மார்ல போட்டுக்கிட்டு விடிய விடிய நடந்தவ நான். உன் எச்சிலையும் மூத்திரத்தையும் தொடச்சவ. நான் கூசல. என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொல்ல நீ கூசினே." அவள் கண்கள் நிரம்பின, குரல் மட்டும் காய்ந்திருந்தது. "மரியாதை மரியாதைன்னு என்னை அவ்வளவு ஒசரத்துல தூக்கி வெச்சுட்டு, என் பேச்சு என் காதுக்கே வராமப் பண்ணிட்டியேடா."

அவன் குலுங்கி அழுதான். சுலியேட்டி நெருங்கி வந்தாள்.

"கழட்டிடுங்க அண்ணி. பாக்கச் சகிக்கல."

"இன்னும் இல்ல. மேல மூணு பேருக்குத்தான் சொல்லியிருக்கான். நான் ஊருக்கே சொன்னேன், அவங்க பொய்யின்னு. பெனி தலையில பழி விழுந்திருக்கு; அத எறக்காம நான் எந்த முகத்தோட அவன்கிட்டப் போறது? அது மட்டும் இல்ல சுலி. எத்தனை வீட்டுல எத்தனை தம்பி போன எடுத்திருப்பான்? எத்தனை அக்கா இன்னும் காத்துக்கிட்டிருக்காளோ? எழுந்திரு கெப்பு. மாலையோடயே வண்டிய எடு."

"எங்க அக்கா?"

"ரேடியோவுக்கு."

அவன் நிமிர்ந்தான். பல ஆண்டுகளுக்குப் பிறகு, முறை மறந்து, தமக்கையின் முகத்தை நேருக்கு நேர் பார்த்தான். அவள் பார்வையைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"என் அக்கா பேர், அந்த வார்த்தை... சபையே கேக்குமே."

"கேக்கட்டும். அதுக்குத்தான்."

ஓட்டாஹூஹூ கடைவீதியில், ரொட்டிக் கடைக்கு மேல்தளத்தில் இருந்த அந்தச் சிறிய ஒலிபரப்பு அறைக்குள் அவர்கள் நுழைந்தபோது, பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இலைமாலையோடு வெறுங்காலில் வந்து நின்றவனைக் கண்டதும் அறிவிப்பாளரின் வாய் பிளந்தது. முறைமை அறிந்தவர், ஒரு கேள்வியும் கேட்காமல் நாற்காலியைக் காலி செய்து கொடுத்தார். கெப்புவேலி நாற்காலியில் அமரவில்லை. தரையில் உட்கார்ந்தான். அறிவிப்பாளர் ஒலிவாங்கியைத் தண்டோடு வளைத்து அவன் உதட்டருகே இறக்கினார்.

"நான் வெளியில நிக்கட்டுமா?" என்று லோசாலினே கேட்கவில்லை. அவனுக்கு எதிரே, முழங்கால் முட்டும் தூரத்தில், அவளும் தரையில் அமர்ந்தாள்.

சரக்குக் கிடங்கில் பகலெல்லாம் இந்த அலைவரிசைதான் ஓடும். பெனி காது கொடுப்பானோ, கேட்டாலும் அவளை மன்னிப்பானோ, அவள் அறியாள்.

பாட்டு நின்றது. சிவப்பு விளக்கு எரிந்தது.

"என் பேரு கெப்புவேலி" என்றான் தம்பி. "லோசாலினே என் அக்கா. அவங்களுக்குப் பிள்ளை பொறக்கறதுக்கு வைத்தியம் பண்ண, ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு. எடுத்தது அவங்க புருஷன் இல்ல. பெனி மச்சான் மேல ஒரு தப்பும் இல்ல. எடுத்தது நான். நான்தான் சொல்லல. அக்கா தங்கச்சியோட பொறந்தவங்க எல்லாரும், ரேடியோவ அணைக்காம, நான் சொல்றத முழுசாக் கேளுங்க..."